98 சதவீதம் என்ற எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு நோயைக் கண்டுபிடித்துவிட்டது என்று செய்தி வராத வாரமே இப்போது இல்லை. உங்கள் நாளிதழிலும் வருகிறது, மற்றவற்றிலும் வருகிறது. ஏதோ ஒரு கல்லூரி மாணவர்கள் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மென்பொருள் செய்திருப்பார்கள், 98 சதவீதம் துல்லியம் என்று ஒரு எண் இருக்கும், பரிசு வாங்கும் புகைப்படம் இருக்கும், செய்தி அதோடு முடிந்துவிடும். பிள்ளைகளைப் பாராட்ட வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்த மென்பொருள் படத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறது, வேறு ஊர் ஆஸ்பத்திரிப் படத்தைக் கொடுத்தால் என்ன சொல்லும் என்று செய்தி எழுதுகிறவரும் கேட்பதில்லை, படிக்கிறவரும் கேட்பதில்லை, பல இடங்களில் தேர்வாளரும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பொறியியல் கல்லூரியில் பட ஆய்வு பாடம் நடத்துகிறவன். வெளித்தேர்வாளராக மற்ற கல்லூரிகளுக்கும் போவதுண்டு. ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) நாலு பேர் சேர்ந்து செய்த இறுதியாண்டு புராஜெக்ட், நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிப்பது. நன்றாகத்தான் விளக்கினார்கள். படத்தின் எந்தப் பகுதியை வைத்து முடிவு செய்கிறது என்று காட்டும் வண்ணப்படம் ஒன்று எடுக்கலாமே, எடுத்துக் காட்டுங்கள் என்றேன். அவர்களில் ஒரு பெண் லேப்டாப்பில் ஓட்டினாள். நுரையீரல் முழுக்க நீலமாகக் கிடந்தது. சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தது மேல் மூலையில், இடது பக்கம் வலது பக்கம் தெரிவதற்காக டெக்னீஷியன் வைக்கும் உலோக எழுத்து இருக்கிற இடம். ஒரு படம் இல்லை, அடுத்தடுத்துப் பல படங்களில் அப்படித்தான். அந்தப் பிள்ளைகள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் தப்பு அவர்களுடையது இல்லை. படத்தை இறக்கு, ரெடிமேடாகக் கிடைக்கும் நியூரல் நெட்வொர்க்கை (உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல்) எடுத்து ஓட்டு, வருகிற எண்ணை எழுது என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2018-ல் ஜான் செக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இதே கதைதான். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரிப் படங்களில் பழக்கிய நெட்வொர்க், நிமோனியாவைக் கண்டுபிடிப்பதில் அங்கே நன்றாகச் செய்தது, வெளி ஆஸ்பத்திரிப் படங்களில் சறுக்கியது. ஏன் என்று தோண்டினால், படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதை அது கிட்டத்தட்டத் தப்பாமல் சொல்கிறது! ஒரு ஆஸ்பத்திரியில் நிமோனியா நோயாளிகள் பல மடங்கு அதிகம் என்றால், ஆஸ்பத்திரியை அடையாளம் கண்டாலே பாதி விடை கிடைத்துவிடுமே. அப்புறம் கொரோனா வந்தது. எக்ஸ்ரே, சிடி படங்களில் கொரோனாவைக் கண்டுபிடிக்கும் ஏஐ என்று 2020-ல் வந்து குவிந்த ஆய்வுகளை கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஒரு குழு அலசியது. தேடலில் சிக்கியவை 2,212, தரம் பார்த்துச் சலித்த பிறகு எஞ்சியவை 62, அந்த 62-லும் நோயாளியிடம் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று 2021-ல் எழுதினார்கள். பல ஆய்வுகளில் கொரோனா படங்கள் பெரியவர்களுடையவை, கொரோனா இல்லாத படங்களோ ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுடையவை. அங்கே நெட்வொர்க் கற்றுக்கொண்டது நோயை அல்ல, பெரியவர் நெஞ்சுக்கும் குழந்தை நெஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தை என்றே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். உடம்பைப் பற்றியோ செல்லைப் பற்றியோ கணினி ஒரு பதில் சொன்னால், அந்தப் பதில் எந்த விதியின் மேல் நிற்கிறது, எங்கே அது உடையும் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். உலகம் இப்படி நடக்கிறது என்று முதலில் ஒரு கணித மாதிரியை எழுதி, அதிலிருந்து கணக்குப் போட்டு, வந்ததை அளந்து பார்த்ததோடு ஒப்பிடுவது பழைய வழி. அந்த வழியில் தப்பே வராது என்று நான் சொல்லவில்லை. தப்பு வந்தால் எந்த வரியில் வந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம், அதைத்தான் சொல்கிறேன். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே நடந்த கதை இருக்கிறது, நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை, அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கிற கொலாஜன் புரதத்தின் அமைப்பு யாருக்கும் பிடிபடாமல் இருந்த காலம். மூன்று சுருள் சங்கிலிகள் பக்கத்தில் பக்கமாகச் சேர்ந்த வடிவம் அது என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார், அவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று அடுத்த வருடம் திருத்தினார். அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று, அவற்றிலேயே மிகச் சின்னதான கிளைசினாக இருப்பதற்கும் அதில் காரணம் கிடைத்தது. மூன்று சங்கிலியும் நெருங்கும் உள்பக்கத்தில் இடமே இல்லை, பக்கக் கிளை இல்லாத கிளைசின் மட்டும்தான் அங்கே பொருந்தும். அந்த கிளைசின் ஒன்று மாறிப் போனால் எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோய் வருகிறது என்று இன்று மரபணு மருத்துவர்கள் சொல்வதற்கு அடிப்படை இந்த வடிவம்தான்.

சரி, அவர் சொன்னது அப்படியே நின்றதா? நிற்கவில்லை. டிஎன்ஏ வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், அவரோடு வேலை செய்த அலெக்சாண்டர் ரிச் இருவரும் மறுத்தார்கள். சில அணுக்களை நீங்கள் அளவுக்கு மீறி நெருக்கி வைத்திருக்கிறீர்கள், சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பும் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு வராது, ஒன்றுதான் என்றார்கள். பிணைப்பு விஷயத்தில் கடைசியில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் மூன்று சங்கிலி என்ற அடிப்படை நின்றது. எது நின்றது, எது விழுந்தது என்று இப்படிப் பிரித்துச் சொல்ல முடிகிறதே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். வடிவத்தை அணு அணுவாக எழுதி வைத்ததால்தான் எதிராளியால் 'இந்த இரண்டு அணுவுக்கும் நடுவே உள்ள இடைவெளி போதாது' என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தது.

அந்த மறுப்பிலிருந்துதான் அடுத்த வேலை பிறந்தது. உண்மையில் இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரனும் அவர் குழுவில் இருந்த சசிசேகரனும் அதுவரை வெளியாகியிருந்த, படிகங்களில் அளந்த மூலக்கூறு அமைப்புகளையெல்லாம் தோண்டி எடுத்து, கார்பனுக்கும் கார்பனுக்கும் இவ்வளவு, ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இவ்வளவு என்று குறைந்தபட்ச தூரங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். அப்புறம் புரதச் சங்கிலியின் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டார்கள். கதவும் கீலும் போல, தட்டையான இரண்டு பலகைகள் நடுவில் ஒரு கார்பன் அணுவில் மாட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் அச்சில் சுழலலாம். ஒரு சுழற்சிக் கோணம் ஃபை, இன்னொன்று சை. ஒவ்வொரு கோண ஜோடிக்கும் எந்த இரண்டு அணுவாவது இடித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும், இடித்தால் அந்த இடம் கூடாது, இடிக்காவிட்டால் கூடும். மேஜைக் கணக்கு இயந்திரம் இருந்த காலம், அதே குழுவின் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. 1963-ல் மூவர் பெயரிலும் வெளியானது. வரைபடத்தில் பெரும்பகுதி காலி, கூடாத இடம், நடுவே சில தீவுகள் மட்டும். புரதங்களில் அடிக்கடி வரும் சுருள் வடிவம், ஆல்ஃபா சுருள் என்று படிக்கிறோமே, அது ஃபை −57, சை −47 பக்கத்தில், ஒரு தீவுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த வருடம் அணு அளவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்த புரதம் கிட்டத்தட்ட, தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் ஒன்றுதான். இன்றைக்கு ஏஐ பழக்கப் போகிறவரிடம் 'உன்னிடம் இருப்பது ஒரே ஒரு உதாரணம்' என்றால் எழுந்து போய்விடுவார். அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு அவர்கள் சொன்னது, அப்புறம் வந்த லட்சத்துக்கு மேற்பட்ட புரத அமைப்புகளிலும் செல்லுபடியாகிறது. இன்றும் உலகப் புரத அமைப்பு வங்கியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அதன் தர அறிக்கையில் 'ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே எத்தனை' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

இனி படங்களின் பக்கம் வருகிறேன், ஏனென்றால் அதிலும் அவர்தான் இருக்கிறார், அது இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. சிடி ஸ்கேன் எடுக்காத குடும்பம் இன்று அபூர்வம். பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே நிழல்கள் எடுத்து, அவற்றிலிருந்து உள்ளே இருப்பதைக் கட்டி எழுப்புவதுதான் சிடி. ஒவ்வொரு நிழலையும் வந்த வழியே திருப்பிப் பூசிக் கூட்டினால் உருவம் வரும், ஆனால் ஒரே மங்கல், ஒரு புள்ளி இருந்த இடத்தைச் சுற்றிலும் வெளிச்சம் வழிந்திருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போன பிறகு, 1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ராமச்சந்திரன் இதற்கு ஒரு வழி சொன்னார். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு நிழலையும் ஒரு எண் வரிசையால் சரிசெய்ய வேண்டும். நடுவில் 0.25, இரண்டு பக்கத்திலும் −0.101, அடுத்தது 0, அதற்கடுத்தது −0.011, மறுபடி 0, மறுபடி இன்னும் சின்னதாக ஒரு மைனஸ், இப்படியே போகும். மொத்தத்தையும் கூட்டினால் சரியாகச் சுழி வரும். பக்கத்தில் வருகிற அந்த மைனஸ் எண்கள்தான் வழிந்த வெளிச்சத்தைத் துடைக்கின்றன. லண்டனில், சிடி இயந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்தில் முதல் நோயாளி படுத்ததும் அதே 1971-ல்தான், அக்டோபர் 1-ம் தேதி. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், சிடிக்கான கணிதத்தைத் தனியாக வகுத்த கார்மக்குக்கும் 1979-ல் நோபல் கிடைத்தது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்த நம் ஆட்களின் பெயர் 'ராம்-லாக் ஃபில்டர்' என்று மென்பொருள்களுக்குள் இருக்கிறது. என் மாணவர்கள் அந்தக் கட்டளையைத் தட்டுகிறார்கள், ராம் யார் லாக் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

ஏஐ இப்போது இந்த வேலைக்கும் வந்துவிட்டது. குறைந்த அளவீட்டிலிருந்து சுத்தமான படம் கொடுக்கிறது, நோயாளிக்குக் கதிர்வீச்சு குறையும், எம்ஆர்ஐ என்றால் உள்ளே படுத்திருக்கும் நேரம் குறையும், நல்லதுதான். ஆனால் 2020-ல் வேகர்ட் அன்டுன் குழுவினர் காட்டினார்கள்: அளவீட்டில் கண்ணுக்கே தெரியாத சின்ன மாற்றம் செய்தால் சில நெட்வொர்க்குகள் கொடுக்கும் படம் கன்னாபின்னாவென்று மாறுகிறது, சில நேரம் படத்தில் இருக்க வேண்டிய சின்ன விஷயம் காணாமலே போகிறது. பழைய முறையில் அளவீடு போதவில்லை என்றால் படம் கோடு கோடாகக் கெட்டுப்போகும், டாக்டருக்குப் பார்த்ததும் தெரியும், இன்னொரு தடவை எடு என்பார். சுத்தமாகவும் தப்பாகவும் ஒரு படம் வந்தால் அவர் என்ன செய்வார்? அந்தச் சின்ன விஷயம் ஒரு கட்டியாக இருந்தால்?

'அப்படியானால் ஏஐ வேண்டாம் என்கிறீர்களா' என்று என்னை மடக்குவார்கள் என்று தெரியும். வேண்டாம் என்று சொல்லவே இல்லை. புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஏஐ-யான ஆல்ஃபாஃபோல்டைப் பாருங்கள். 2020 இறுதியில் புரத வடிவப் போட்டியில் அது செய்து காட்டியது அதுவரை யாராலும் முடியாதது, 2022-ல் 20 கோடிப் புரதங்களுக்கு மேல் வடிவம் வெளியிட்டார்கள், 2024-ல் அதை உருவாக்கிய குழுவின் ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் புரத வடிவமைப்பில் முன்னோடியான டேவிட் பேக்கரோடு சேர்த்து வேதியியல் நோபல் கொடுத்தார்கள். முழுக்கத் தகுதியானது. ஆனால் அதன் உள்ளே போய்ப் பாருங்கள். மூன்று புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரங்கள் ஒரு முக்கோணமாகப் பொருந்த வேண்டும் என்ற வடிவியல் அறிவு நெட்வொர்க்கின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. பிணைப்பு நீளம் மீறினால், அணுக்கள் இடித்தால், பழக்கும்போதே தண்டனை மதிப்பெண் உண்டு. கடைசியில் பழைய இயற்பியல் விசைக் கணக்கை வைத்து வடிவத்தைத் தட்டிச் சரிசெய்கிறார்கள். 2024-ல் வந்த அடுத்த பதிப்பில் இப்படிப்பட்ட விதிகளில் சிலவற்றைத் தளர்த்தினார்கள். அணுக்கள் சில சமயம் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, மூலக்கூறின் இடக்கை வலக்கை சில சமயம் மாறி அது தன் கண்ணாடிப் பிம்பமாகிவிடுகிறது, ஒழுங்கான வடிவமே இல்லாத பகுதிக்கு இல்லாத வடிவத்தைக் கற்பனை செய்துவிடுகிறது என்று அவர்களே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். குறையை இப்படிப் பெயர் சொல்லி எழுதுவதற்கு அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க விதி இருந்தது.

நுண்ணோக்கிப் படங்களில் செல்களைப் பிரித்துக் காட்ட இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூ-நெட் என்ற நெட்வொர்க் இன்னொரு நல்ல உதாரணம். 2015-ல் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். பழ ஈயின் புழுவின் நரம்புப் படங்களுக்கு அவர்களிடம் பயிற்சிக்கு இருந்தது வெறும் 30 படம். திசு ரப்பர் மாதிரி நெளியும், வளையும், ஆனால் செல் செல்லாகத்தான் இருக்கும் என்பது உயிரியல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதை அப்படியே கணக்காக்கி, 30 படங்களையும் விதவிதமாக நெளித்துக் கொடுத்துப் பழக்கினார்கள். டேட்டா இல்லாத இடத்தை அறிவால் நிரப்பினார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த விஷயம். நம் மாணவர்களும் இதே யூ-நெட்டை வைத்து நூற்றுக்கணக்கில் புராஜெக்ட் செய்கிறார்கள், படத்தை நெளிக்கும் வரியையும் காப்பி அடிக்கிறார்கள். எலும்பு எக்ஸ்ரேக்கும் அதே நெளிவைக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எலும்பு ரப்பர் மாதிரி வளையுமா என்று கேட்டால்தான் யோசிக்கிறார்கள்.

நேரமில்லை, சிலபஸ் பெரிது, வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் பைத்தானும் நியூரல் நெட்வொர்க்கும்தான் கேட்கின்றன என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான், எனக்கும் அந்த நெருக்கடி இருக்கிறது. ஆனால் நாளைக்கு இந்தப் பிள்ளைகள் எழுதும் மென்பொருள்தான் அரசு ஆஸ்பத்திரியில் ரேடியாலஜிஸ்ட் இல்லாத ராத்திரியில் ஓடப்போகிறது. அது எதைப் பார்க்கிறது என்று தெரியாமல் அவர்களை அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மருத்துவ ஏஐ பற்றிச் செய்தி போடும்போது, துல்லிய எண்ணோடு இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த ஆஸ்பத்திரிப் படங்களில் பழக்கியது, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு எந்த ஆஸ்பத்திரிப் படங்களில் சோதித்தது. இரண்டாவதுக்கு விடை இல்லை என்றால் 'வெளியே சோதிக்கப்படவில்லை' என்று அப்படியே போடுங்கள். நிருபர்கள் கேட்கத் தொடங்கினால் கல்லூரிகள் செய்யத் தொடங்கும்.

பாடத்திட்டம் எழுதும் குழுக்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பயோமெடிக்கல், பயோடெக், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்று பிரிவுக்கும் சேர்த்து, நியூரல் நெட்வொர்க் லேபுக்கு முன்னால் இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள். முதல் வகுப்பில், புரத வங்கியிலிருந்து இலவசமாக ஒரு ஃபைலை இறக்கி, ஃபை, சை கோணங்களைக் கணக்கிட்டு ராமச்சந்திரன் வரைபடத்தை மாணவர்களே போடட்டும், கிளைசின் மட்டும் ஏன் கூடாத இடத்திலும் போய் உட்கார்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டாவது வகுப்பில், மேலே சொன்ன அந்த எண் வரிசையை வைத்து ஒரு வட்டத்தின் நிழல்களிலிருந்து வட்டத்தைத் திரும்பக் கட்டட்டும், முதலில் ஃபில்டர் இல்லாமல், அப்புறம் ஃபில்டரோடு. சாதாரண லேப்டாப் போதும், செலவு எதுவும் இல்லை. வரும் செமஸ்டரிலேயே ஆரம்பிக்கலாம், அனுமதி கிடைத்தால் என் வகுப்பில் முதலில் நான் செய்கிறேன்.

இப்படிக்கு,
பட ஆய்வு பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்,
சேலம்.